ரங்கூனில் ஒரு செட்டி தமின் கடை: 13 நாள், 21 வேளை

ரங்கூனில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யார் கேட்டாலும் இனி நான் ஒரே இடத்தைத்தான் சொல்வேன். 2019 ஜனவரி 8 முதல் 20 வரை அந்த ஊரில் இருந்தோம். 13 நாளில் ஒரே மெஸ்ஸில் 21 வேளை சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, இருந்திருந்தால் இன்னும் கூடியிருக்கும்.

அனோரத்தா சாலையில் 1871-ல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரம்தான். கடைப் பெயரை எழுதவில்லை. நடத்துகிற அக்கா வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மொத்தம் ஒன்பது மேசை, வழக்கமாக வருகிறவர்களுக்கே காணாது. பலகையும் பர்மிய எழுத்தில்தான். வாசலில் வழிப்போக்கர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, அதற்கு மேலே சிட்டுக்குருவிகளுக்காகக் கட்டிவிட்ட நெற்கதிர்க் கொத்து. இந்த இரண்டும் ரங்கூனில் பல வாசல்களில் உண்டு என்பதால் அடையாளத்துக்கு உதவாது. கோயில் பக்கத்தில் பூ விற்கிறவர்களிடம் தமிழிலேயே "சாப்பாட்டு அக்கா கடை எங்கே" என்று கேளுங்கள். நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

சாப்பாட்டைச் சொல்கிறேன். பர்மா சாப்பாடு என்றால் நமக்குச் சென்னையில் விற்கிற அத்தோ என்கிற நூடுல்ஸ். அங்கே உள்ளவர்களுக்குத் தமிழ்ச் சாப்பாடு என்றால் 'செட்டி தமின்'. தமின் என்றால் சோறு. செட்டிநாட்டிலிருந்து வட்டிக்கடை வைக்கப் போனவர்களின் பெயர் அங்கே சோற்றோடு ஒட்டிக்கொண்டது. வாழையிலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சோறு, காய்கறி போட்ட தண்ணிப் பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல், புதினாத் துவையல், வறுத்த மிளகாய், மாங்காய் ஊறுகாய், அப்பளம் என்று வரும். இது எல்லாம் எத்தனை தடவை கேட்டாலும் போடுவார்கள். கோழி, ஆடு, மீன், இறால் தனிக்கணக்கு. நான் போனபோது காய்கறிச் சாப்பாடு 1,500 சாட், கோழியோடு 2,500, ஆட்டுக்கறியோடு 3,500. அப்போது நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 21 சாட், அந்தக் கணக்கில் காய்கறிச் சாப்பாடு 70 ரூபாய்தான்.

சோறு பாவ்சான் அரிசி. 2011-ல் உலகத்திலேயே சிறந்த அரிசி என்று பரிசு வாங்கின அரிசி அது. வேகாதபோது குட்டையாக, உருண்டையாக இருக்கும், வெந்தால் நீண்டுவிடும். மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். என் ஆச்சி ரங்கூன் அரிசியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்வாள். சின்ன வயதில் எனக்கு அது புரிந்ததே இல்லை. 8-ஆம் தேதி ராத்திரி முதல் இலையில் சோறு விழுந்ததும் புரிந்தது.

கூடவே காய்ந்த இறாலும் பூண்டும் மிளகாயும் சேர்த்து வறுத்த பலாச்சாங் ஒரு கிண்ணத்தில் வைப்பார்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தால் வேறு கறி வேண்டியதில்லை.

இன்னொன்று, அந்தக் கடையில் உட்கார்ந்து பார்க்கவேண்டியது. மாடி வீடுகளிலிருந்து கயிறுகள் தெருவரைக்கும் தொங்கும், நுனியில் ஒரு கிளிப், சிலதில் மணி. மூன்றாம் மாடியில் படி இறங்க முடியாத ஒரு பாட்டி இருக்கிறார். மத்தியானம் 11.30-க்கு அவர் கயிறு ஆடும். அக்கா எந்த வேலையில் இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொட்டலத்தை கிளிப்பில் மாட்டிவிட்டு, கயிற்றை இரண்டு தடவை இழுப்பார். பொட்டலம் ஆடி ஆடி மேலே போகும். அது உள்ளே போகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார், வரிசையில் ஆள் நின்றாலும் சரி. காசு மாதக் கடைசியில் அதே கயிற்றில் இறங்கும் என்றார்.

நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து ஏழு பேர் மிஷன் பயணமாகப் போயிருந்தோம். ரங்கூனில் உள்ள தமிழ்ச் சபை அழைத்திருந்தது. தெருவில் பிரசங்கம் எதுவும் கிடையாது. பெண்களுக்கு மூன்று நாள் கூடுகை, பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகம வகுப்பு மாதிரி ஒன்று, அப்புறம் பெகு பக்கம் ஒரு தமிழ்க் கிராமத்துக்குப் போய் வருவது. 34 வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள் என்பதால் பிள்ளைகள் பொறுப்பு எனக்கு. கிராமத்துக்கென்று 60 பைகள் தயார் செய்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, இரண்டு சோப்பு, நோட்டு, பென்சில், ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம். ஒரு வருஷமாக எங்கள் சபைப் பெண்கள் சேர்த்த பிடி அரிசிக் காணிக்கையில் வாங்கியவை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போடுகிற பழக்கம் திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் எத்தனையோ தலைமுறையாக உண்டு, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்படி வந்த பணம். நாலு பேராகத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினோம்.

11-ஆம் தேதி பெகு போனோம். ரங்கூனிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அக்கா கடைப் பொட்டலத்தோடுதான் போனோம். ஜெபம் முடிந்து பைகளைக் கொடுத்தேன். வரிசையாக வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். ஒருவர்கூட வாய் திறந்து நன்றி சொல்லவில்லை. ஒரு பெரியவர் வாங்கும்போது இடது கையால் தன் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வருகிற வண்டியில் எனக்கு மனசு சரியில்லை. கர்த்தருக்காகச் செய்தோம், மனிதரிடம் எதிர்பார்க்கக்கூடாது என்று எத்தனை தடவை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருப்பேன். ஆனாலும் வலித்தது. பிடி அரிசி போட்ட ஒவ்வொரு பெண்ணின் முகமும் கண் முன்னால் வந்தது.

அன்று ராத்திரி மெஸ்ஸில் சாப்பிடும்போது அக்காவிடம் அதைச் சொல்லியேவிட்டேன். அவருக்கு 66 வயது இருக்கும், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு செட்டியார் கடைக்கு அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, வந்தவராம். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஜனங்கள் கப்பல் கப்பலாக ஊர் திரும்பியபோது சித்தப்பா குடும்பம் வியாசர்பாடிக்குப் போய்விட்டது, இவருடைய அப்பா மட்டும் இங்கேயே இருந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டுவந்தார். வலது கையால் தம்ளரை நீட்டினார், இடது கை விரல்கள் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"இப்படித்தானே வாங்கினாரு அந்தப் பெரியவரு?"

ஆமாம் என்றேன்.

"அதுதான் டீச்சர் நன்றி. எங்க ஊர்ல பெரியவங்களுக்குக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இப்படித்தான். எல்லாருமே கையைப் பிடிச்சிருப்பாங்க, நீங்க பையைப் பார்த்துட்டு இருந்திருப்பீங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. 60 பை சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவரின் கையை மட்டும்தான், அதுவும் வலி என்று நினைத்து, பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். அங்கே கடைகளிலெல்லாம் 'ஜேஸு தின் பா தே' என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். முதல் நாள் என் காதில் அது 'ஜேசு' என்றே விழுந்தது. ஆண்டவர் பெயரை இவ்வளவு பேர் சொல்கிறார்களா என்று மெய்சிலிர்த்துப்போனேன். அது பர்மிய மொழியில் நன்றி சொல்வது. ஜேஸு என்றால் ஒருவர் நமக்குச் செய்த உபகாரம், தின் என்றால் மேலே வைப்பது, ஏற்றுவது. "லாரியில மூட்டை ஏத்துறோம்ல, அதுக்கும் தின்தான்" என்றார் அக்கா. நீ செய்த உபகாரத்தை என்மேல் ஏற்றிக்கொண்டேன் என்று பொருள்.

103-ஆம் சங்கீதத்தில், அவர் செய்த உபகாரங்களை மறக்காதே என்று தாவீது தன் ஆத்துமாவுக்கே சொல்கிற இடம் நினைவுக்கு வந்தது. அதே உபகாரம். எனக்கு மனப்பாடமான சங்கீதம் அது, ஆறு வயதில் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன். ஸ்தோத்திரம் என்று நாம் சபையில் சொல்வதும் ஆண்டவருக்கு நன்றிதான். ஒருவரை ஒருவர் பார்த்தால் ஸ்தோத்திரம், விடைபெற்றால் ஸ்தோத்திரம், போனை எடுத்தால் ஸ்தோத்திரம். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்வேன். அந்தச் சொல்லுக்கு எடை உண்டு என்பதை மூட்டை ஏற்றுகிற ஒரு சொல்லைக் கேட்டுத்தான் உணர்ந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து நான் கடை திறப்பதற்கு முன்னாலேயே போக ஆரம்பித்தேன். நம் ஊரை விட அங்கே ஒரு மணி நேரம் முன்னால், அதனால் நான் வழக்கமாக ஜெபத்துக்கு எழும் 4 மணி அங்கே 5 மணி. அக்கா அந்நேரமே அடுப்பு மூட்டியிருப்பார். காய் நறுக்கிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டேன். அங்கே அரிவாள்மணை இருந்தது ஆச்சரியம், தாத்தா காலத்துச் சாமானாம்.

அரிசி களைந்து உலையில் போடுவதற்கு முன்னால் அக்கா ஒரு பிடி எடுத்து, மேலே படம் அழிந்துபோன ஓவல்டின் டப்பாவில் போட்டார். நான் கேட்கவே இல்லை, அவரே, "சபைக்கு" என்றார். அம்மாவின் பழக்கமாம், அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. நான் நறுக்குவதை நிறுத்திவிட்டு அந்த டப்பாவையே பார்த்தேன். என் வீட்டில் உள்ளது ஹார்லிக்ஸ் பாட்டில்.

சோறு வெந்ததும் இன்னொன்று நடந்தது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அக்காவின் மருமகள் பர்மியப் பெண், பௌத்தர். கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, முதல் சோற்றில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஆறு மணிக்குப் பிக்குகள் வரிசையாக வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி போட்டாள். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் நடந்துபோனார்கள். அவள்தான் மண்டிபோட்டுக் கும்பிட்டாள்.

ஜெபத்தோடு அடுப்பு மூட்டுகிற வீட்டில் இதை எப்படி விடுகிறீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

"அவ போடுற அரிசி அவ சம்பாத்தியத்துல வாங்கினது. பதினோரு வருஷமா அவளுக்காக ஜெபிக்கிறேன், பதினோரு வருஷமா ஒரே அடுப்புல சேர்ந்து சமைக்கிறோம். எனக்கு டைபாய்டு வந்தப்ப ஒன்றரை மாசம் இந்தக் கடையை அவதான் நடத்துனா. டப்பாவுல பிடி அரிசி போடுறதையும் விடலை. அவளுக்கு நான் ஜேஸு தின் டீச்சர், ஆண்டவருக்கு முன்னாலயே சொல்வேன்."

பிக்குகள் ஏன் நன்றி சொல்லவில்லை என்று மருமகளிடம் அக்கா மூலமாகக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். வாங்கிக்கொள்ள வந்தார்களே, அதற்கு நாங்கள்தான் கும்பிட வேண்டும் என்றாள். அவளுடைய விசுவாசமும் என்னுடையதும் வேறு. அதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் பெகுவில் 60 பேர் என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வந்தார்களே என்று நான் கர்த்தருக்கு ஒரு வார்த்தை ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அந்தக் காலையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே அழுதேன். வெங்காயம் என்று நினைத்து மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரைப் பற்றி மிஷன் கூட்டங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். ஆறு வருஷம். அந்த வருஷம்தான் பாதையோரத்தில் ஒரு ஜயாத் கட்டி, போகிற வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். ஜயாத் என்றால் நம் ஊர்ச் சாவடி மாதிரி. பர்மிய மொழியில் வேதாகமத்தை அவர் முழுதாக மொழிபெயர்த்து முடித்தது 1834-ல். இவ்வளவும் தெரிந்தே 13 நாள் பயணத்தில் கணக்கு எதிர்பார்த்தேன். ரங்கூனில் ஜட்சன் பெயரில் ஒரு சர்ச்சே இருக்கிறது, போய்ப் பார்த்தோம். ஆனால் அவரை நான் அதிகம் நினைத்தது இந்த ஒன்பது மேசைச் சாவடியில்தான்.

சரி, குறைகளையும் சொல்லவேண்டும். ஆட்டுக்கறியில் எண்ணெய் அதிகம், மேலே ஒரு விரல் கனத்துக்கு மிதக்கும். பர்மாக்காரர்களுக்கு அது பிடிக்குமாம், நம் வயிற்றுக்கு ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதே நல்லது. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒரே கரண்டி இங்கேயும் அங்கேயும் போகிறது, பொரியலிலேயே சில நாள் காய்ந்த இறால் இருக்கும். பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ரொம்பத் தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர்கள் சுவர் ஓர மேசையைக் கேளுங்கள், அங்கே இரண்டு மர நாற்காலி உண்டு. கரண்ட் போனால் விசிறி நிற்கும், புழுக்கம் தாங்காது. கழிப்பறை பின்கட்டில், வழி ஈரம், பார்த்து நடக்கவேண்டும். மத்தியானம் 1 மணிக்கு மேல் போனால் மீன் இருக்காது. ராத்திரி 8 மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

16-ஆம் தேதி வேறொரு கடையில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். இரண்டு வேளை எதுவும் வேண்டாம் என்று படுத்திருந்தேன். அக்கா பாவ்சான் அரிசியில் குழையக் கஞ்சி வைத்து, சுட்ட அப்பளமும் உப்புக்கல்லும் சேர்த்து, நாங்கள் தங்கியிருந்த வீட்டு மாடிக்கே மருமகளிடம் கொடுத்தனுப்பினார். இரண்டு வேளையும். 21 வேளைக் கணக்கில் அந்த இரண்டும் சேரும், கடைக் கணக்கில் சேரவில்லை. நோட்டைப் புரட்டிக் கேட்டபோது, "கஞ்சிக்கு யாராவது காசு வாங்குவாங்களா" என்று முடித்துவிட்டார்.

எங்கள் ஊரில் சபைப் பண்டிகைக்கு அசனம் போடுவோம். ஆயிரக்கணக்கில் வந்து உட்காருவார்கள், யாருக்கும் இலை இல்லை என்று சொல்வதில்லை. நான் சின்ன வயதிலிருந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், பெரியவளானதும் பரிமாறியிருக்கிறேன். சமைக்கிறவர்களிடம் போய் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடுவதற்கு முன் ஜெபிப்பேன், சாப்பிட்டதும் எழுந்து கை கழுவுவேன். இந்த வருஷப் பண்டிகையில் அசனச் சமையல் பந்தலுக்குள் போனேன். கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவருடைய பெயரைக் கேட்டேன். 22 வருஷமாக வருகிறாராம். அவர் பெயரைச் சொல்லி அன்று ராத்திரி ஜெபித்தேன். இப்போது என் ஜெப நோட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சமைத்தவர்கள் பெயர்தான், மேலேயே அக்கா, அடுத்தது அவர் மருமகள்.

19-ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி எங்கள் கடைசி வேளை. ஏழு பேருக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். மேலே 20,000 சாட் வைத்தேன். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு அதைத் தனியே பிரித்து என் பக்கம் தள்ளினார். சபைக் காணிக்கைக்கு என்று சொன்னேன். உடனே ஓவல்டின் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து பிடித்தார், நீங்களே போடுங்கள் என்றார். அரிசிக்கு மேலே நோட்டுகளை வைத்தேன்.

போகிறவர்களுக்குச் சில விவரம். டாலர் மாற்றுவதானால் மடிப்பில்லாத புது நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கோடு விழுந்திருந்தாலும் அங்கே வாங்கமாட்டார்கள். கடையில் சாட் மட்டும்தான். மத்தியானம் 11 மணிக்கே போய்விடுங்கள், அப்போதுதான் மீன் தலையும் கிடைக்கும், கயிறு இறங்குவதையும் பார்க்கலாம். இலை வேண்டும் என்று கேளுங்கள், கேட்காவிட்டால் தட்டில் போட்டுவிடுவார்கள். காசு கொடுக்கும்போது மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வலது கையில் நோட்டைப் பிடித்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள். மீதிச் சில்லறையை அவரும் அப்படித்தான் தருவார்.